அணைக்கு வெளியே எவரும் நிற்கலாகாது

கலவானை மக்களுக்கு மழை புதிதன்று. சிங்கராச வனத்தின் ஓரத்திலே, இறக்குவானை மலைத் தொடரின் சாரலிலே அமைந்த அவ்வூருக்கு மழையே செல்வம். தேயிலைத் தளிரும் இறப்பர்ப் பாலும் அம்மழை தந்தவை. ஆற்றுப் படுகையிலே கிடைக்கும் இரத்தினக் கற்களைக்கூட மலையிலிருந்து அரித்துக் கொணர்ந்து சேர்த்தது அந்நீர்தான். ஆனால் 2017ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதி வாரத்தில் பெய்த மழையை எவரும் செல்வமென்று சொல்லார். தென்மேற்குப் பகுதியின் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கும் மேலான மழை கொட்டியது. களு கங்கையும் அதன் கிளைகளும் கரை புரண்டன. கலவானை, அயகமை முதலிய இடங்களில் தாழ்ந்த நிலம் வெள்ளத்துள் மூழ்க, உயர்ந்த நிலம் சரிந்து வீழ்ந்தது. நாடளாவிய கணக்கில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

ஆண்டுகள் உருண்டோடின. ஒவ்வொரு வைகாசியிலும் மேற்குத் திசை கறுக்கும்போது கலவானைக் கடைக்காரர் சாமான்களை மேற்தட்டுக்கு ஏற்றுகிறார். மலைச் சரிவிலுள்ள லயத்துத் தாய் பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டுத் தான் விழித்திருக்கிறாள். இவ்விருவரையும் காப்பதற்கு வகுக்கப்பட வேண்டிய திட்டம் ஒன்றா, இரண்டா? இதுவே இன்று நாம் எழுப்பும் வினா.

ஒரு திட்டமே என்பது நம் விடை. ஆற்றங்கரையிலே சுவர் எழுப்பி ஊரைக் காத்துவிட்டோம் என்று நிறைவடைந்து, மேலே சரிவிலே தொங்கும் லயங்களை மறந்துவிடுவது அறத்துக்கும் ஒவ்வாது, பொறியியலுக்கும் ஒவ்வாது.

முதலில் இப்பேரிடர் எவ்வாறு நிகழ்கிறது என்பதை நோக்குவோம். புயல் என்றதும் கிழக்குக் கரையே நம் நினைவுக்கு வருகிறது. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை மறந்தவர் இலர். ஆனால் சபரகமுவையைத் தாக்கும் புயல் பெரும்பாலும் இந்நாட்டின் மண்ணை மிதிப்பதே இல்லை. வங்கக் கடலிலே தாழமுக்கம் ஒன்று உருவாகி வடக்கு நோக்கி நகரும்போது, அது தென்மேற்குக் காற்றைத் தன்பால் இழுக்கிறது. இந்துமாக் கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று மலைநாட்டின் மேற்குச் சுவரிலே மோதி, தன் பாரம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. 2003 மே 17ஆம் திகதி இரத்தினபுரி மாவட்டத்தைச் சின்னாபின்னப்படுத்திய மழையும், 2016 மே மாதத்தில் ரோணுப் புயல் உருவான நாள்களில் பெய்த மழையும், 2017இல் மோராப் புயலுக்கு முன்னோடியாக வந்த மழையும் இவ்வகையினவே. மூன்றும் மே மாதத்தில் வந்தன. மூன்றும் பருவக் காற்றின் தொடக்கத்தோடு ஒட்டி வந்தன. எதிர்பாராத அனர்த்தம் என்று இதற்கு இனியும் பெயர் சூட்டுவது தகுமா?

இனி, நிலத்தின் அமைப்பை நோக்குவோம். சிவனொளிபாத மலையிலே பிறக்கும் களு கங்கை மிகக் குறுகிய தூரத்துக்குள் ஆயிரக்கணக்கான அடி கீழிறங்கி, இரத்தினபுரியை அடையுமுன்னரே சமநிலத்து ஆறாகிவிடுகிறது. அங்கிருந்து களுத்துறைக் கடல் வரையில் அதற்குப் போதிய சரிவு இல்லை. விரைந்து வந்த நீர் அங்கே தயங்கி நிற்கிறது, நின்றால் பரவுகிறது. கலவானைப் பக்கத்து நீரை ஏந்திச் செல்லும் குக்குலே கங்கையும் இக்களு கங்கையிலேயே கலக்கிறது. பெரிய ஆறு நிறைந்திருக்கும்போது சிறிய ஆற்றின் நீர் வடிய வழியேது? ஆகவே கலவானையின் வெள்ளம் கலவானையில் மட்டும் தீர்க்கப்படக் கூடியதன்று.

குக்குலே கங்கையிலே மின்சாரத் திட்டம் ஒன்று இருக்கிறதே, அது வெள்ளத்தைத் தடுக்காதா என்று கேட்போர் உளர். 2003ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அத்திட்டம் ஓடும் நீரைச் சுரங்க வழியே திருப்பி மின்சாரம் எடுப்பது. பெருநீரைத் தேக்கி வைக்கும் பேரணை அங்கில்லை. பெரிய அணை கட்டினால் ஊர்களும் காடும் நீருள் மூழ்கும் என்ற காரணத்தால் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. அது தவறென்று நாம் கூறோம். ஆனால் பேரணை வேண்டாமென்று தீர்மானித்த நாடு, வேறு எவ்வழியால் வெள்ளத்தைத் தாங்குவதென்றும் தீர்மானித்திருக்க வேண்டும்.

அவ்வழி மலைச் சரிவிலே தொடங்குகிறது. பழைய தோட்டக்காரர் இதனை அறிந்திருந்தனர். சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்திலே, கான் வெட்டி மழைநீரை மெல்ல நடத்தினர். கல்லடுக்கி மண்ணைப் பிடித்தனர். அக்கான்களை வெட்டியவர் யாவர்? ஆண்டுதோறும் தூர் வாரியவர் யாவர்? தோட்டத் தொழிலாளரே. கான் தூர்ந்த மலையில் நீர் தன் மனம்போன வழியில் பாய்கிறது. மண் கரைந்து ஓடையிலும், ஓடையிலிருந்து ஆற்றிலும் சேர்கிறது. ஆற்றின் படுகை உயர்கிறது. முன்னர் பத்தடி நீரைத் தாங்கிய ஆறு எட்டடியிலேயே கரை கடக்கிறது. பள்ளத்திலுள்ள கடையை மூழ்கடிக்கும் வெள்ளத்தில் மேட்டிலே தூர்ந்த கானுக்கும் பங்குண்டு. இதனோடு, அனுமதியின்றி ஆற்றங்கரையைக் குடைந்து கல் தேடுவோர் மூடாது விட்டுச் செல்லும் குழிகளையும், வெள்ளத்தை ஏந்த வேண்டிய வயல்களை நிரப்பி எழும் கட்டடங்களையும் சேர்த்தெண்ணுக. அப்போதுதான் கணக்கு முழுமையாகும்.

நீரின் வழி மேட்டையும் பள்ளத்தையும் இவ்வாறு பிணைத்திருக்க, நாம் வகுக்கும் பாதுகாப்பு மாத்திரம் அவற்றைப் பிரித்துவிடுவது ஏன்? அதற்கு விடை காண வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

தோட்டம் என்பது நெடுங்காலம் ஊராகக் கணிக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அங்கு வாழ்ந்தோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாத்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 1970களின் காணிச் சீர்திருத்தம் தோட்ட நிலத்தைக் கைமாற்றியபோது அந்நிலத்தில் உழைத்தவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயல்களால் பலர் வடக்கு நோக்கி ஓடினர். எஞ்சியோர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிய சிறு தொகையினராயினர். 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரசாவுரிமைச் சிக்கலைப் பெரிதும் தீர்த்து வைத்தது. ஆயினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துள் ஒரு பாதையையோ பாலத்தையோ அமைக்கப் பிரதேச சபைக்குத் தடை இருந்தது. அத்தடையை நீக்க 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்களிக்கும் உரிமை இருந்தும், வாக்கால் அமைந்த சபை தன் வாசலிலுள்ள கானைச் சீர்செய்ய இயலாது என்ற நிலையிலே ஒரு தலைமுறை வாழ்ந்தது.

இவ்வரலாற்றின் விலையை நாம் உயிராகக் கொடுத்து வருகிறோம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் வாழத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடமில்லை. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கையிலே சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களை விழுங்கிய அதே நாள்களில், புளத்கொகுப்பிட்டியிலே களுப்பானைத் தோட்டத்து லயத்தின் மீதும் மண் சரிந்தது. மலை இனம் பார்த்து வீழவில்லை. அதன் பின்னர் நிகழும் நிவாரணத்தில்தான் வேறுபாடு தோன்றுகிறது. கிராமத்தான் தன் காணிக்கு உறுதி காட்டுகிறான். லயத்தான் எதைக் காட்டுவான்? அவன் பாட்டன் பிறந்த காம்பராவும் அவனுடையதன்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இந்நாட்டையே உலுக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. நடு மலைநாடு பேரடி பட்டது. தோட்ட மக்கள் பெருந்துயருற்றனர். அந்நாள்களிலே அனர்த்த எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. மீளக் கட்டியெழுப்புதல் என்ற சொல் அன்று முதல் அரசாங்கத்தின் வாயிலும் உலக நிதி நிறுவனங்களின் அறிக்கைகளிலும் அடிபடுகிறது. நன்று. ஆனால் மீளக் கட்டுவது என்றால் எதை, யாருக்காக என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

இவ்விடத்தில் உலகம் கற்ற பாடம் ஒன்றை நினைவூட்டுவோம். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரம் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குத் தாழ்ந்தது. அணைச் சுவர்களின் தயவில் வாழ்வது. 2005 ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனாச் சூறாவளி வீசியபோது அச்சுவர்கள் பல இடங்களில் உடைந்தன; நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீருள் மூழ்கியது. சுவர்களின் அமைப்பிலேயே குறையிருந்தது என்று அவற்றைக் கட்டிய இராணுவப் பொறியியற் படையே மறு ஆண்டு ஒப்புக்கொண்டது. பின்னர் ஏறத்தாழ 1,450 கோடி டொலர் செலவில் புதிய அரண் எழுந்தது. 2021 ஆகஸ்ட் 29ஆம் திகதி, சரியாகப் பதினாறு ஆண்டுகளின் பின், ஐடாச் சூறாவளி வந்தபோது அவ்வரண் தாங்கி நின்றது. ஆனால் அரணுக்கு வெளியே, மேற்கே சில மைல் தூரத்திலிருந்த லாபிளாஸ் என்னும் ஊர் வெள்ளத்துள் ஆழ்ந்தது. சுவர் நல்ல சுவரே. எவரை உள்ளே வைத்துக் கட்டினார்கள் என்பதிலேயே உயிரும் சாவும் அடங்கியிருந்தன.

வீடு இழந்தோருக்கு அங்கு வழங்கப்பட்ட உதவியின் கதையும் நமக்குப் பயன்படும். புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை என்ன, திருத்தச் செலவு என்ன என்று பார்த்து, இரண்டில் குறைந்ததையே அடிப்படையாகக் கொண்டு உதவி வழங்கினர். கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரங்களில் வீடுகளின் விலை குறைவு. ஆகவே ஒரே அளவான வீட்டை மீளக் கட்ட ஒரே செலவு ஆகும்போதும் அவர்களுக்குக் குறைந்த தொகையே கிட்டியது. வழக்கு நீதிமன்றம் சென்றது. 2011இல் இணக்கத்தில் முடிந்தது. சட்டத்தின் சொற்களில் எவ்வித பாகுபாடும் இல்லை. அளவுகோலிலேயே பாகுபாடு ஒளிந்திருந்தது. நம் நாட்டிலே காணி உறுதி என்னும் அளவுகோல் அதே வேலையைச் செய்கிறது.

ஒல்லாந்து நாடு இன்னொரு பாடம் தருகிறது. 1953 பெப்ரவரி முதலாந் திகதி கடல் பொங்கி 1,800க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, சில வாரங்களுக்குள் ஆணைக்குழு அமைத்து, பல பதிற்றாண்டுகள் உழைத்துக் கடலரண் கட்டியது அந்நாடு. ஆனால் 1993இலும் 1995இலும் ஆறுகள் பொங்கியபோது, கரையை மேன்மேலும் உயர்த்துவதில் முடிவில்லை என்று கண்டு, ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தை மேற்கொண்டது. கரைகளைப் பின்னுக்கு நகர்த்தினர். தாழ்நிலத்தை நீருக்கென ஒதுக்கினர். அங்கு வாழ்ந்தோருக்கு மாற்றிடம் அளித்தனர். மதில் கட்டுவதில் உலகுக்கே ஆசானான நாடு, மதில் மட்டும் போதாதென்று உணர்ந்தது நாம் கருதத்தக்கது.

இப்பாடங்களின் ஒளியில் கலவானைக்கு வேண்டுவன யாவை?

முதலாவது, இறக்குவானை மலையிலிருந்து களு கங்கைச் சங்கமம் வரை குக்குலே கங்கைப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே திட்டம் வகுக்கப்படல் வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றை மட்டும் பார்ப்பதும், பிரதேச சபை கடைத்தெருவை மட்டும் பார்ப்பதும், தோட்ட நிருவாகம் கொழுந்தை மட்டும் பார்ப்பதும் ஒழிய வேண்டும். வெள்ளம் பரவும் தாழ்நிலம் நீருக்குரியதென்று குறிக்கப்பட்டு, அங்கு மண் நிரப்புதல் தடுக்கப்படல் வேண்டும். கல் தோண்டுவோர் குழிகளை மூடுவது ஏட்டளவில் நில்லாது தரையில் நிறைவேற வேண்டும். தோட்டங்களில் கான் வெட்டும் வேலை பொதுநல வேலையாகக் கருதப்பட்டு, அதற்கெனக் கூலி வழங்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் லயத்து வாசலை எட்ட வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீட்டரானால் ஆயத்தம், 150 மில்லிமீட்டரானால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படிநிலை வகுத்திருக்கிறது. இது விஞ்ஞானிகளின் மேசையில் மட்டும் இருந்து பயனில்லை. தோட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியும், அதனைப் படிக்கப் பழகிய இரண்டு இளைஞரும் இருப்பின் போதும்; நள்ளிரவில் எவரது கட்டளைக்கும் காத்திராது மக்கள் எழுந்து நடக்கலாம். வெளியேறும் நாளிலே வேலைக்குச் செல்லாத தொழிலாளிக்கு அன்றைய பேர் விழாது என்பதையும் மறத்தலாகாது. ஒருநாட் கூலியை இழப்பதா, உயிரைப் பணயம் வைப்பதா என்ற தராசிலே ஏழையை நிறுத்துவது எச்சரிக்கையாகாது. அந்நாளுக்குரிய கூலி உறுதிசெய்யப்பட வேண்டும்.

மூன்றாவது, இதுவே தலையாயது: நிலம். ஆபத்தான சரிவிலுள்ள லயங்கள் எவை என்று கணக்கெடுத்து, அப்பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கப்படுத்தி, அங்கு வாழ்வோருக்குப் பாதுகாப்பான இடத்திலே காணி வழங்க வேண்டும். வெறும் வீடு போதாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வேண்டும். லயத்தில் வாழ்ந்தவரின் இழப்பு, காணிக்கு உறுதி இல்லை என்ற காரணத்தால் குறைக்கப்படுதல் கூடாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். தோட்டம் கம்பனிக்குரியது, அரசாங்கம் என் செய்யும் என்பது ஒன்று. பெருந்தோட்டங்களின் நிருவாகம் 1992ஆம் ஆண்டு தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது மெய்யே. ஆனால் நிலம் அரசுக்குரியது; குத்தகைக்காரன் நிலவுடைமையாளன் ஆகான். நெடுஞ்சாலைக்கும் மின்நிலையத்துக்கும் நிலம் எடுக்கத் தெரிந்த அரசுக்கு, மனித உயிர் காக்கச் சில பேர்ச்சு நிலம் எடுக்கத் தெரியாதா? மலையகத்தில் புதிய கிராமங்களை அமைப்பதற்கென்றே 2018ஆம் ஆண்டு அதிகார சபை ஒன்று சட்டத்தால் நிறுவப்பட்டதும் இதற்காகவன்றோ? அரசுக்குரியவல்லாத சிறிய தனியார் தோட்டங்களும் சபரகமுவையில் பல உள. அங்கு வாழும் குடும்பங்கள் கம்பனிக் கணக்கிலும் இல்லை. கிராமக் கணக்கிலும் இல்லை. அவர்களை முதற்கண் எண்ண வேண்டும்.

பணமில்லை என்பது மற்றொன்று. 2022இல் கடன் செலுத்த இயலாது தள்ளாடிய நாட்டின் நிலையை நாம் அறியாதவரல்லர். ஆனால் ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் உலர் உணவுக்கும், இடிந்த பாதைக்கும், தற்காலிக முகாமுக்கும் செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறது? அது ஆண்டுதோறும் ஆற்றோடு போகும் பணம். சரிவிலிருந்து ஒரு குடும்பத்தை ஒருமுறை இறக்கி நல்ல நிலத்தில் வைத்தால், அச்செலவு மீண்டும் வாராது.

இவற்றை நாம் கேட்பது கலவானைக் கடைத்தெருவுக்கு எதிராகவன்று. அத்தெருவிலே சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒருங்கே வணிகம் செய்கின்றனர். வெள்ளம் வந்தால் ஒரே படகில் ஏறுகின்றனர். அவர்களைக் காக்கும் கரை கட்டப்படட்டும், விரைந்து கட்டப்படட்டும். அக்கரை நிலைக்க வேண்டுமாயின் மேலேயுள்ள மலை நிலைக்க வேண்டும். மலை நிலைக்க அதில் உழைப்போர் நிலைபெற வேண்டும். இந்த எளிய உண்மையை மலையிலும் பள்ளத்திலும் வாழ்வோர் ஒன்றுகூடி அரசாங்கத்துக்கு எடுத்துரைக்க வேண்டும். பிரதேச சபைக்கு இவர்களால் தெரிவுசெய்யப்பட்டோர், எந்தக் கட்சியினராயினும், அடுத்த கூட்டத்திலேயே இதனை முதற் பொருளாக எடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

வருமுன் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்த வைக்கோலாகும் என்று நம் முன்னோர் கண்டனர். நம் மக்களின் வாழ்க்கையோ நீர்முன்னர் வைத்த மண்ணாகக் கிடக்கிறது. அடுத்த வைகாசிக்கு அதிக நாள்கள் இல்லை. மேற்கே மேகம் திரளும்போது அந்த லயத்துத் தாய் மீண்டும் விழித்திருக்கப் போகிறாளா, அல்லது தன் பெயரில் எழுதப்பட்ட நிலத்திலே பிள்ளைகளோடு கண்ணயரப் போகிறாளா? விடை சொல்ல வேண்டியது வானமன்று; நாட்டை ஆள்வோர்.